தெரிவி போட்ட சுழியம்

அந்தச் சுழியம் எங்கிருந்து வருகிறது என்பது துறைத் தலைவர் வள்ளிமயிலுக்குப் பிடிபடவே இல்லை. பொருநைப் பல்கலைக்கழகத்தின் கணினி நிரல்மொழித் துறைக்கு விரிவுரையாளர் தேடி இது மூன்றாவது ஆண்டு. நாற்பது வருடப் பழைய கணினி மொழி ஒன்றைத் தூசி தட்டி விண்ணப்பத்தோடு அனுப்பியவருக்கு எழுபத்தொரு மதிப்பெண் கிடைத்திருந்தது. தகுதிக்கோடு எழுபத்தைந்து. புத்தம் புதிய மொழியொன்றைப் படைத்திருந்த இருதயமேரிக்கோ மூன்றாவது முறையாகச் சுழியம்.

ஆள் எடுப்பது இப்போதெல்லாம் தெரிவி என்னும் எந்திரம்தான். அணையின் மதகைத் திறப்பதும், மருத்துவமனையில் யாருக்கு முதலில் படுக்கை என்று முடிவு செய்வதும் அதைப் போன்ற எந்திரங்களே. அவற்றுக்கான நிரல்களையும் எந்திரங்களே எழுதிக்கொள்கின்றன. விடை வரும்; காரணம் வராது. அந்த நிரல்களைப் படிக்கத் தெரிந்தவர் பொருநையில் வள்ளிமயில் ஒருவர்தான். வரும் வெள்ளிக்கிழமை அவருக்குப் பணி ஓய்வு. அதற்குள் ஆள் வராவிட்டால் துறைக்குப் பூட்டு.

“மெஷினுக்கு எல்லாரும் ஒண்ணுதான் மேடம்” என்றார் பதிவாளர் தாணுமாலயன். “பிள்ளைகிட்ட சரக்கு இல்ல. சும்மா கெடந்து சண்ட போடாதீங்க.”

“பிள்ளை இங்கதான் சார் நிக்குது” என்றாள் இருதயமேரி. தூத்துக்குடி பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துபவள். முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். “தெரிவியோட நிரலக் குடுங்க. கேட்டா காட்டணும்னு சட்டம் இருக்குல்லா?”

சட்டம் இருந்தது. படிக்கத் தெரியாததால் யாரும் கேட்பதில்லை. வள்ளிமயிலும் கேட்டதில்லை, பல லட்சம் வரிகளை ஒற்றை ஆளாகப் படிக்க ஆயுள் போதாது.

இருதயமேரி நிரலை வாங்கித் தன் மடிக்கணினியில் ஏற்றினாள்; சில நிமிடங்களில் அது முழுவதையும் அவள் மொழிக்கு மாற்றிவிட்டது. அந்த மொழிக்கு ‘ஏன்’ என்று பெயர்.

“இதுல எந்த எண்ணும் தனியா வராது மேடம். எங்க பொறந்துச்சு, யாரு கூட்டுனா, யாரு கழிச்சான்னு தடத்தையும் இழுத்துக்கிட்டுத்தான் வரும். இப்ப என் விண்ணப்பத்த உள்ள விடுதேன், பாருங்க.”

திரையில் சுழியம் வந்தது. அதன் கீழே, முதன்முறையாக, காரணமும் வந்தது.

‘இந்த மொழி பட்டியலில் இல்லை. ஆகவே ஓட்டிப் பார்க்கவில்லை. ஆகவே படிக்கவில்லை. மதிப்பெண் இடம் காலி. காலி இடத்துக்குச் சுழியம்.’

வள்ளிமயில் பதிவாளர் பக்கம் திரும்பினார்.

“படிக்கவே இல்லையா! மூணு வருசமா ‘தகுதியற்றவர்’னு கையெழுத்துப் போட்டீங்களே, தாணுமாலயன்! படிக்காத பேப்பருக்கு எந்த வாத்தியார் முட்டை போடுவான்?”

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி, பட்டியல்ல இருக்க மொழியில எழுதித் தரச் சொல்லுங்களேன். இன்னிக்கே பாஸ் ஆயிரும்.”

“புது மொழி உண்டாக்கத்தான சார் இந்த வேலையே?” என்றாள் இருதயமேரி. “புது மொழி கொண்டு வந்தா முட்டையா? எங்கம்மா ஒவ்வொரு வருசமும் கேக்கா, உனக்கு என்னட்டி தெரியலன்னு. நானும் எனக்குத்தான் ஒண்ணும் தெரியலன்னு நெனச்சிட்டேன்.”

வள்ளிமயில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மருத்துவமனை எந்திரத்திலும் இதே காலி இடம் இருக்குமே, பட்டியலில் இல்லாத நோய்க்கும் சுழியம் விழுமே என்ற எண்ணம் அவர் கோபத்தை இன்னும் கூட்டியது.

“இவ ஒரு எழுத்தையும் மாத்தி எழுத மாட்டா. மாற வேண்டியது தெரிவி. அதிகாரம் உங்களுது, படிக்கத் தெரிஞ்சது எங்க ரெண்டு பேருக்கு. கையெழுத்துப் போடுங்க.”

“மேலிடத்துல கேட்டா?”

“இந்தத் திரையக் காட்டுங்க.”

தாணுமாலயன் கையெழுத்துப் போட்டார். இருதயமேரி காட்டிய இடத்தில் வள்ளிமயில் ஒரே ஒரு விதியை மாற்றினார்: தெரிவியால் ஓட்ட முடியாத விண்ணப்பத்துக்கு மதிப்பெண் கிடையாது, ‘படிக்கவில்லை’ என்று எழுதி, படிக்கத் தெரிந்த மனிதரிடம் அதை அனுப்ப வேண்டும். அந்த விதிப்படி முதலில் வந்தது இருதயமேரியின் விண்ணப்பம்; வள்ளிமயில் அதைப் படிக்கத் தொடங்கினார்.