இடது பக்கச் சிரிப்பு

"அய்யோ...!"

மாம்பழம் பறிக்க வந்த பெண்ணின் அலறலில் தோப்பே ஓடி வந்தது.

பேக்கிங் ஷெட்டின் சிமென்ட் தரையில் ரஸ் ட்ரான்டர் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ரத்தம் தோய்ந்த ஸ்பேனர்!

போவன் ஊரின் அந்த மாந்தோப்பில் பாதி ரஸ்ஸுடையது. மீதிப் பாதி அவர் தம்பி வேட் பெயரில். தோப்பை ஓட்டல் கட்டுகிறவர்களுக்கு விற்க வேண்டும் என்பான் தம்பி. முடியவே முடியாது என்பார் அண்ணன்.

சார்ஜண்ட் டக் ஹான்ரஹன் பிணத்தின் அருகே குனிந்தார். ரஸ்ஸோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர். கண் கலங்கியது. அதை மறைக்கத் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டார்.

"யாருடா பார்த்தது?"

"நான் பார்த்தேன் சார்ஜண்ட்!" வேட் முன்னால் வந்தான். "வேலியோரமா நின்னேன். அண்ணிதான் ஸ்பேனரோட நின்னாங்க. பல்லை நறநறன்னு கடிச்சுக்கிட்டு... அப்பா, என்னா கோபம்! ஓங்கி ஒரே போடு!"

"மூஞ்சியைப் பார்த்தியா?"

"வெயில் நேரா அடிச்சுது, நல்லாப் பார்த்தேன். தாடை இறுகிப் போயிருந்துச்சு. இடது பக்கம் வழக்கம்போல செத்துப்போய் தொங்கிட்டிருந்துச்சு. துளி அசைவு இல்ல!"

அதே நேரம், மேல்தோப்பிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தாள் ரஸ்ஸின் மனைவி நோலீன்.

புருஷனைப் பார்த்தாள். வேடைப் பார்த்தாள்.

டக் அதிர்ந்து போனார்.

அவள் முகத்தின் வலது பாதி அழுதது. இடது பாதி... சிரித்தது!

"பார்த்தீங்களா, சிரிக்கிறா!" வேட் கத்தினான். "கொன்னுட்டு சிரிக்கிறா!"

வேடை வெளியே நிழலில் உட்காரச் சொல்லி அனுப்பிவிட்டு, டக் விலங்கை எடுத்தார்.

"கையை நீட்டு நோலீன்."

"எதுக்கு?"

"ரஸ்ஸைக் கொன்னதுக்கு. புருஷன் பிணத்தைப் பார்த்துச் சிரிக்கிற பொம்பளையை நான் இப்பத்தான் பார்க்கிறேன்."

"சிரிக்கிறேனா?" நோலீன் வெடித்தாள். "அட அறிவு கெட்டவனே! வேடைப் பார்த்த கோபத்துல பல்லைக் கடிச்சேன்டா!"

"என்ன உளர்றே?"

"கன்னத்துல கட்டி எடுத்தாங்களே, தெரியாதா உனக்கு? ஆயுசு பூரா இந்த வெயில்ல காஞ்சதுக்கு வந்த புற்றுநோய்! அதோட மூஞ்சி நரம்பையும் வெட்டி எடுத்தாங்க. இப்ப எனக்கு இந்தப் பக்கம் சிரிப்பு வரணும்னா பல்லைத்தான் கடிக்கணும். கோபம் வந்து கடிச்சாலும் அதே இழவுதான்!"

டக் விலங்கோடு நின்றார். ஒன்றும் புரியவில்லை.

"நம்பலையா? டவுன்ஸ்வில் டாக்டரம்மாவுக்குப் போன் போடு!"

டக் போனைப் போட்டார். நோலீனே முதலில் பேசி, எல்லாவற்றையும் டக்கிடம் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டு போனை அவரிடம் கொடுத்தாள்.

"அவங்க சொல்றது நிஜம்தான்," என்றார் டாக்டர் ப்ரீன். "மெல்லுற தசைக்குப் போற நரம்புல ஒரு கிளையை எடுத்து முகத்து நரம்போட தைச்சிருக்கேன். பல மாசம் கழிச்சு இப்பத்தான் அசைவு வந்திருக்கு. பழகப் பழகக் கடிக்காமலே சிரிப்பாங்க."

"பல்லை இறுக்கிக் கடிச்சுக்கிட்டு அந்தப் பக்கத்தை அசைக்காம வச்சுக்க முடியுமா டாக்டர்?"

"இப்போதைக்கு முடியாது. கடிச்சா உதடு தானா மேல ஏறிடும்."

டக் போனை வைத்தார். முகம் சிவந்துவிட்டது... தன் மேலேயே கோபம்!

"தினம் காலையில கண்ணாடி முன்னாடி எனக்குத் துணையா நின்னு அவரும் பல்லைக் கடிப்பாரு டக்," நோலீனின் குரல் உடைந்தது. "உதடு மொதல்ல அசைஞ்சப்போ குழந்தை மாதிரி குதிச்சாரு. அந்த மனுஷனையா நான்...?"

டக் விறுவிறுவென்று வெளியே போனார்.

"வேட், இன்னொரு தடவை சொல்லு. உங்க அண்ணி பல்லைக் கடிச்சா. சரி. இடது பக்கம்?"

"அசையவே இல்ல. சத்தியமா!"

"ஆபரேஷனுக்கு அப்புறம் அண்ணியைப் போய்ப் பார்த்தியா?"

"மொதல்ல ஒரு தடவை ஆஸ்பத்திரியில. அப்புறம்... எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல."

"அதான் பழைய மூஞ்சியைச் சொல்றே! அவ பல்லைக் கடிச்சதை நிஜமாவே பார்த்திருந்தா, 'சிரிச்சா'ன்னுல்ல சொல்லியிருக்கணும்!"

வேடுக்கு வியர்த்தது.

"அது... தூரத்துல..."

"நல்லாப் பார்த்தேன்னு சொன்னது யாருடா? அண்ணன் பிணம், அண்ணி ஜெயில், தோப்பு உனக்கு! அதானே கணக்கு?"

வேட் ஓடினான்!

பழம் பறிக்கிற பெண்கள் சும்மா இருப்பார்களா? கூடைகளோடு குறுக்கே நின்றார்கள். நாலு அடி விழுந்த பிறகுதான் டக்கிடம் ஒப்படைத்தார்கள்.

"கையெழுத்துப் போட மாட்டேன்னான்!" வேட் மூக்கில் ரத்தத்தோடு அலறினான். "எத்தனை தடவை கெஞ்சினேன் தெரியுமா? அண்ணனா அவன்?"

நோலீன் அவன் எதிரே வந்து நின்றாள். ஓங்கி ஓர் அறை!

"அண்ணி... ஒரு நல்ல வக்கீலையாவது..." அவன் விசும்பினான்.

"வக்கீல் அப்புறம்டா," என்றாள் நோலீன். "அவ்வளவு நல்லாப் பார்த்தியே... மொதல்ல ஒரு நல்ல கண் டாக்டரைப் பாரு!"