தீர்த்தத்துக்குக் குடை

ரீட்டாவின் அம்மா எஸ்தர் கோயம்புத்தூரில் ஒரு தொழிற்சாலையில் ரோபோக்களைப் பார்த்துக்கொள்கிறவர். மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் வீட்டில் இருப்பார். அன்று சாயங்காலம் கோயம்புத்தூர் பஸ்ஸின் ஹாரன் கேட்டால் போதும், ரீட்டாவுக்குச் சோறு இறங்காது.

இப்போது அவர்கள் ஊர் திராட்சைச் சங்கமே ஒரு ரோபோ கையை வாங்கிவிட்டது. திராட்சைப் பெட்டிகளைத் தூக்கி அடுக்க.

"இத ஒழுங்கா மாட்டிக் குடுத்தா வேலை உனக்குத்தான் எஸ்தரு. ஊரோட இருந்துக்கலாம்" என்று சங்கச் செயலாளர் பிரான்சிஸ் சொல்லியிருந்தார். சொதப்பினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே ரீட்டாவுக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை காலை. வெளியே சாரல். ரீட்டா ஒரு கம்பி வளைந்த குடையோடு அம்மாவுடன் சங்கத்து ஷெட்டுக்கு வந்தாள்.

மஞ்சள் கம்பி வேலிக்குள் ரோபோ கை தலை கவிழ்ந்து நின்றது. வேலிக்கு வெளியே பீரோ உயரத்துக்கு ஒரு பெட்டி. அதுதான் கண்ட்ரோலர். கையிலிருந்து வந்த இரண்டு கேபிள்களின் நுனிகளும், வேலியைச் சுற்றித் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்குச் சற்று உள்ளே, ஒரு பலகைமேல் கிடந்தன. தடித்த கேபிள் மோட்டார்களுக்குக் கரண்டு கொண்டுபோவது. மெல்லிய கேபிள், கை எங்கே நிற்கிறது என்று பெட்டிக்குச் சேதி சொல்வது. இரண்டு நுனிகளிலும் கறுப்பு மூடி.

அம்மா பெட்டியை மட்டும் தனியாகச் சோதித்துப் பார்த்தார். பிறகு மெயினை அணைத்து, சிவப்புப் பூட்டுப் போட்டு, சாவியைக் கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொண்டார்.

"மாட்டலாமாம்மா?"

"பதறாத காரியம் சிதறாது. அணைச்சாலும் பெட்டிக்குள்ள கரண்டு கொஞ்ச நேரம் பதுங்கிக் கெடக்கும். பத்து நிமிசம் போகட்டும். நான் பின்னறையில போயி கரண்டு பாக்குற மீட்டர எடுத்துட்டு வாரேன். நீ கோட்டுக்கு வெளியவே நில்லு. கேபிள் நுனிய யாரும் தொடாமப் பாத்துக்க."

அம்மா அந்தப் பக்கம் போனதும், காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போல் பிரான்சிஸ் இந்தப் பக்கம் ஓடி வந்தார்.

"மெஷின மந்திரிக்கச் சாமி வந்துட்டாக! இன்னும் மாட்டலையா?"

"பத்து நிமிசம் பொறுக்கணுமாம் மாமா."

"அப்ப மந்திரிச்சுட்டு மாட்டட்டும்." பலகை அருகே குனிந்தவர் கேபிள் மூடிகளைத் திருகிக் கழற்றினார்.

"ஐயோ, கழட்டாதீக மாமா!"

"ஏத்தா, டிராக்டருக்குப் பானட்டத் தொறந்து வச்சுத்தான மந்திரிக்கிறோம்? மூடியிருந்தா ஆசீர்வாதம் எப்படி உள்ள போகும்?" மூடிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"அம்மா!" என்று கத்தினாள் ரீட்டா. பாட்டுப் பாடிக்கொண்டே ஊர் உள்ளே நுழைந்த சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

முன்னால் பங்குச் சாமியார் எட்வின், கையில் தீர்த்தச் சொம்பு. நல்ல மனிதர். ஆனால் தீர்த்தம் தெளிப்பதில் மட்டும் கஞ்சத்தனம் தெரியாதவர். அவர் மந்திரித்துவிட்டுப் போன வீட்டில் துணிமணிகளைக் காயப்போட வேண்டியிருக்கும்.

மூடியில்லாத நுனிகள் பலகைமேல் திறந்து கிடந்தன. சாமியாரின் கை உயர்ந்தது.

படார்!

கோட்டுக்கு வெளியே நின்றபடியே, பலகைக்கு மேலே ரீட்டா குடையை விரித்துவிட்டாள். தீர்த்தம் குடைமேல் சடசடவென்று விழுந்து, வளைந்த கம்பி வழியாக அவள் காலில் வழிந்தது. பாட்டு பாதியில் நின்றது.

"ஏத்தா! தீர்த்தத்துக்கே குடை பிடிக்கிறயா? என்ன கூத்து இது!" என்று பிரான்சிஸ் கத்தினார். யாரோ சிரித்தார்கள். ரீட்டாவுக்குக் காது சுட்டது. குடையை மட்டும் அவள் அசைக்கவில்லை.

சாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "மழைக்குக் குடை பிடிப்பாக. இதுக்கு ஏம்மா?"

"கோவிச்சுக்கிராதீக சாமி. இந்த நுனிக்குள்ள பூரா ஊசி ஊசியா இருக்கு. ஒரு சொட்டுப் போனாலும் சேதி தப்பாப் போயிரும். நிக்கச் சொன்னா கை ஆடும். அப்புறம் எங்கம்மா திரும்பக் கோயம்புத்தூருக்கே போயிருவாக."

கடைசி வாக்கியத்தைச் சொல்ல அவள் நினைக்கவே இல்லை. அது தானாக வந்துவிட்டது.

சாமியார் குனிந்து குடைக்கடியில் பார்த்தார். "பிரான்சிஸு, இதோட மூடி எங்க?"

பிரான்சிஸ் பெட்டிப் பாம்பாக அடங்கி, சட்டைப் பையைத் தடவினார். மூடிகளை எடுத்துத் திரும்பத் திருகினார்.

"சரித்தா, சொம்புல இன்னும் தண்ணி இருக்கு. ஊரும் நிக்கிது. எங்கன தெளிக்க? நீயே சொல்லு" என்றார் சாமியார்.

ரீட்டா சுற்றிலும் பார்த்தாள். "அந்த வேலிக்குத் தெளிங்க சாமி. கை சுத்தும்போது ஆளுகளக் காக்கப் போறது அதுதான."

சாமியாருக்கு முகம் மலர்ந்தது. வேலி சொட்டச் சொட்டத் தெளித்தார்.

மீட்டரோடு திரும்பிய அம்மா திகைத்து நின்றுவிட்டார். ஈர வேலி, விரித்த குடை, திருதிருவென்று விழிக்கும் பிரான்சிஸ். "என்னடி நடந்துச்சு?"

"இங்கன மட்டும் கொஞ்சம் மழை பேஞ்சுச்சு எஸ்தரு" என்றார் சாமியார்.

ரீட்டா நடந்ததைச் சொன்னாள். அம்மா மூடிகளைக் கழற்றி, டார்ச் அடித்து ஊசி ஊசியாகப் பார்த்தார். ஒரு பொட்டு ஈரம் இல்லை. பெட்டியில் மீட்டரை வைத்தார். பூஜ்யம். பெட்டித் துளையின் பள்ளத்துக்கு நேரே நுனியின் மேட்டைப் பொருத்தி, அழுத்தாமல் நெரிக்காமல் கேபிளைச் செருகினார். டக். அடுத்ததும் டக். யார் காலும் தடுக்காதபடி கேபிள்களைச் சுவரோரமாகப் படுக்கவைத்தார். வேலிக்குள் ஆள் இல்லை என்று பார்த்து, கதவைச் சாத்திவிட்டுத்தான் சிவப்புப் பூட்டைத் திறந்து மெயினைப் போட்டார்.

கை மெல்லத் தலை நிமிர்ந்தது. ஒரு திராட்சைப் பெட்டியைத் தூக்கியது, திரும்பியது, வைத்தது. ஒரு திராட்சை உதிரவில்லை.

பிரான்சிஸ்தான் முதலில் கைதட்டினார். "திங்கக்கெழமையே வேலைக்கு வந்துரு எஸ்தரு" என்றார்.

மறுநாள் சாயங்காலம் ரோட்டில் கோயம்புத்தூர் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ரீட்டா பழக்கத்தில் சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

அம்மா வாசலில் உட்கார்ந்து, குடையின் வளைந்த கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். "என்னடி பாக்குற? மந்திரிச்ச குடை. பத்திரமா வச்சுக்க."

ரீட்டா அன்று ராத்திரி இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.