காற்றுப் புகாத வீடு

விசிறி நின்ற பிறகும் வாசலை மறைத்துக் கட்டியிருந்த சிவப்புத் துணி அசைந்துகொண்டிருந்தது.

மெதுவாக உள்ளே உப்பியது. ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு வெளியே உப்பியது. வீட்டில் எங்கெல்லாம் காற்று ஒழுகுகிறது என்று பார்க்க, வாசற்கதவைத் திறந்து, நிலையளவுக்குத் துணியை இழுத்துக் கட்டி, நடுவில் பெரிய விசிறியை வைத்து உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுப்பார்கள். விசிறியை நிறுத்தியதும் துணி துவண்டுவிட வேண்டும். மூன்று நாள் முன்பு, வேலை தொடங்குவதற்கு முந்தைய சோதனையில், அப்படித்தான் துவண்டது.

"வெளியில காத்து அடிக்குது மேடம்," என்றான் டெல்மர், கருவியின் எண்களிலிருந்து கண்ணை எடுக்காமல். அமெரிக்காவின் வடக்கே, துலூத் நகரத்தில் வீடுகளுக்குக் குளிர் அடைப்பு வேலை செய்யும் ஒப்பந்தக்காரன் அவன்.

ஐலா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எதிர்வீட்டுப் புகைபோக்கியின் புகை நூல் பிடித்தாற்போல் நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பின்னறையில் படுத்திருக்கும் கணவர் ரெய்னோவின் மேல் குளிர்காற்று படக்கூடாது. முப்பத்தொரு வருடம் இரும்புத்தாதுக் கப்பல்துறையில் தூசியை விழுங்கிய நுரையீரல் அவருடையது. இன்னொரு முறை சளி இறங்கினால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீடோ நூற்றுப்பத்து வயசுக் கிழம். ஜனவரியில் ஜன்னலை மூடியிருக்கும்போதே திரைச்சீலை ஆடும்; காலையில் எழுந்தால் ஜன்னல் கட்டையில் ஒரு கோடு பனி படிந்திருக்கும்.

டெல்மரின் ஆட்கள் வெளிச்சுவரில் வரிசையாகத் துளை போட்டு, பொடித்த செய்தித்தாள் பஞ்சைக் குழாய் வழியாக ஊதி நிரப்பி, ஒவ்வொரு துளையையும் மரத்தக்கையால் அடைத்திருந்தார்கள்.

"ஆனா உங்க வடக்குச் சுவருக்கு என்ன பசிங்க," என்றான் டெல்மர் துணியைக் கழற்றியபடி. "நாலு மூட்டை போதும்னு நெனச்சோம். பதினொண்ணு தின்னுடுச்சு."

பின்னறையிலிருந்து ரெய்னோவின் குரல் வந்தது. "எனக்குத்தான் இந்த வீட்டுல அளந்து போடறா. செவுராவது வயிறு நெறைய சாப்பிடட்டும்."

"நீ பேசாம படு. பேசினா இருமுவ."

"இருமினா மட்டும் எந்திரிச்சு வந்துடுவியாக்கும்."

டெல்மர் சிரித்துவிட்டு, போகும்போது ஐலாவைக் குளியலறைக்குக் கூட்டிப் போனான். கூரையில் புதிதாக ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் முனகிக்கொண்டிருந்தது. "இது ராத்திரி பகல் ஓடணும். என்ன ஆனாலும் அணைச்சிடாதீங்க. இவ்ளோ இறுக்கமா நான் எந்த வீட்டையும் அடைச்சதில்ல. இத்தன வருஷமா இஷ்டத்துக்கு மூச்சு விட்டுப் பழகின வீடு. ஒரு வழியாவது விட்டு வைக்கணும்."

மூன்று வாரம் வீடு மடியில் வைத்த பூனைபோல் கதகதப்பாக இருந்தது. ரெய்னோ எழுந்து உட்கார்ந்து, ஏலக்காய் ரொட்டியைக் கருங்காப்பியில் நனைத்துத் தின்றார். சீட்டாட்டத்தில் ஏமாற்றினார். தெருவில் பனி அள்ளும் இயந்திரம் போவதுகூட இப்போது உள்ளே கேட்பதில்லை.

அப்புறம் பெருங்குளிர் இறங்கியது. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு. அன்று காலை ரெய்னோ கழுத்தைத் தடவிக்கொண்டு, "ஜில்லுனு என்னமோ போகுது ஐலா," என்றார். இரண்டு முறை இருமினார். கையைத் தூக்கிப் பார்த்தபோது அவளுக்கும் தெரிந்தது: கதவிடுக்கு வழியாகக் காற்று குளியலறைப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. அந்த ஃபேன்தான். எரித்து எரித்து ஏற்றிய சூட்டையெல்லாம் வெளியே துப்பிக்கொண்டிருந்தது.

துலூத்தின் மலைச்சரிவில் வளர்ந்த எந்தப் பெண்ணும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். கந்தல் அடைத்தும், ஜன்னலுக்கு பிளாஸ்டிக் ஒட்டியும், கதவடியில் துண்டைச் சுருட்டி வைத்துமே கழிந்த வாழ்க்கை. ஃபேனை அணைத்தாள். நாற்காலி போட்டு ஏறி, அதன் வாயில் அகல டேப்பை நாலு பட்டையாக ஒட்டினாள்.

மதியம் மூன்றரைக்கு வெளிச்சம் மங்கத் தொடங்கியது. அடுப்படியில் உருளைக்கிழங்கு தோலை உரித்துக்கொண்டிருந்த ஐலாவுக்குக் காது அடைத்தது, மலையிறங்கும் பேருந்தில் அடைப்பதுபோல. எச்சில் விழுங்கினாள், விட்டது, மறுபடி அடைத்தது. நனைந்த செய்தித்தாள் வாடை லேசாக வந்தது. எங்கோ ஒரு கதவு தாழ்ப்பாளில் விரல்கடை அளவு நகர்ந்து 'டிக்' என்றது. சற்றுப் பொறுத்து, திரும்பி வந்து 'டிக்' என்றது. அப்புறம் மாடியில் ஒன்று. அப்புறம் அலமாரிக் கதவு. எல்லாம் ஒரே தாளத்தில், அவசரமே இல்லாமல், தூங்குகிறவனின் மார்பு ஏறி இறங்குவதுபோல.

கத்தியைக் கீழே வைத்தாள்.

ரெய்னோவின் மூச்சு அவளுக்கு மனப்பாடம். நிமிடத்துக்கு இருபத்திரண்டு. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சீழ்க்கை. தூக்கத்திலும் அவள் காது அதை எண்ணிக்கொண்டிருக்கும். இப்போது சீழ்க்கை இல்லை. அறைக்குள் போய்ப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். மார்பு ஏறியது. கதவு 'டிக்' என்றது. மார்பு இறங்கியது. 'டிக்'.

நிமிடத்துக்கு ஆறு.

"ரெய்னோ."

"இப்ப கஷ்டமே இல்ல ஐலா," என்றார் கண்ணைத் திறக்காமல். முகத்தில் பல வருடமாகக் காணாத நிம்மதி. "நான் ஒண்ணுமே பண்றதில்ல. யாரோ எனக்காக இழுத்து விடற மாதிரி இருக்கு."

அவள் வடக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. மெதுவாக அவள் கையைத் தள்ளியது.

டெல்மருக்குப் போன் போட்டாள். வார்த்தை குழறியது.

"விஷவாயு அலாரம் அடிக்குதா மேடம்?"

"இல்ல."

"அந்த ஃபேன அணைச்சீங்களா?"

"அணைச்சு, டேப்பும் ஒட்டிட்டேன்."

"சரி, பரவாயில்ல. எல்லாரும் பண்றதுதான். நான் நாலு தெரு தள்ளித்தான் இருக்கேன். டேப்பப் புடுங்குங்க, வாசக்கதவத் தெறந்து வைங்க. நான் வந்ததும் வெளியில இருந்து வடக்குச் சுவர்ல ஒரு தக்கையக் கழட்டி விடறேன். கொஞ்சம் மூச்சு விடட்டும். பயப்படாதீங்க."

டேப்பைக் கிழித்தாள். சுவிட்சைத் தட்டினாள். ஃபேன் முனகியது, சுற்றியது. பிறகு நின்றது. பிறகு எதிர்ப்பக்கமாகச் சுற்றியது.

அவள் வாசலுக்கு ஓடினாள். கதவை இழுத்தாள். வரவில்லை. ஒரு காலைக் கதவுநிலையில் முட்டுக்கொடுத்து இழுத்தாள். திறந்துகொண்டது.

வெளியே நீலப் பனி. தெருவிளக்கு. இருபத்தெட்டுக்கும் கீழான குளிர். ஆனால் ஒரு துளி காற்றுகூட உள்ளே வரவில்லை. வாசற்படியில் கண்ணாடி நிறுத்தியதுபோல் காற்று நின்றது. கதவுகளின் 'டிக்' நின்றது. வீடு முழுவதும் நின்றது.

பின்னறையிலும்.

ஓடிப்போய்ப் பார்த்தாள். ரெய்னோவின் கண்கள் திறந்திருந்தன. மார்பு பாதியில் நின்றிருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. எதுவும் உள்ளே போகவில்லை. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. அவர் கை எழுந்து வாசல் பக்கம் காட்டியது. சாத்து. சாத்து.

அவள் ஓடினாள். கதவை அறைந்து சாத்தினாள்.

'டிக்.'

அறையிலிருந்து நீளமாக ஒரு மூச்சு இழுபடும் சத்தம்.

மறுபடி டெல்மரை அழைத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. வடக்குச் சுவரிலிருந்த ரெய்னோவின் அறை ஜன்னலுக்கு வந்தபோது வேனின் விளக்கு பனியில் விழுந்திருந்தது. டெல்மர் ஏணியைத் தோளில் சுமந்து வந்துகொண்டிருந்தான். நெற்றியில் விளக்கு. கையில் துளைக்கருவி.

"வேண்டாம்," என்று கத்தினாள். "தொறக்காத. டெல்மர், தொறக்காத."

ஜன்னலை இரண்டு கையாலும் அடித்தாள். அவன் நிமிரவில்லை. ஏணியைச் சுவரில் சாய்த்ததுகூட அவளுக்குக் கேட்கவில்லை. அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தான்.

ஜன்னல் கொக்கியில் கை வைத்தாள். லேசாகத்தான் நெகிழ்த்தினாள். பின்னால் ரெய்னோவின் தொண்டை அடைத்துக்கொண்டது. கொக்கியை இறுக்கினாள். அவர் மூச்சு வந்தது.

ஏணியில் ஏறும்போது டெல்மர் அவளைப் பார்த்துவிட்டான். அவள் தலையை ஆட்டினாள். கையை ஆட்டினாள். அவன் நெற்றிவிளக்கு கண்ணாடியில் பட்டுச் சிதறியது. அவனும் சிரித்தபடி கையை ஆட்டினான். இதோ ஆச்சு என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

ரெய்னோவின் மார்பு ஏறிக்கொண்டிருந்தது. மெதுவாக. நிறைய.

சுவர் அதிர்ந்தது. தக்கை பனியில் விழுந்தது.

துளையிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. குளிரில் மனிதர் வாயிலிருந்து வருமே, அதே ஆவி. ஒரே மூச்சாக. டெல்மர் ஏணியில் பின்னால் சாய்ந்து பார்த்தான். அது தெருவிளக்கு வரை நீண்டது. நிற்கவில்லை.

ஐலா திரும்பினாள். கட்டிலில் ரெய்னோவின் மார்பு இறங்கிக்கொண்டிருந்தது. படுக்கையின் மட்டத்துக்கு இறங்கியது. அதற்கும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.