கோணல் ரங்கோலி

மகாராஷ்டிரத்து மேணவலி கிராமத்துக்குச் சினிமாக்காரர்கள் வருவது புதிதில்லை. வருடத்துக்கு நாலு கதாநாயகர்களாவது அந்த ஊர்ப் படித்துறையிலிருந்து ஆற்றில் குதித்துவிடுவார்கள். ஆனால் கேதகியின் வீட்டு வாசலிலேயே ஒரு மராத்திப் படம் எடுப்பது இதுதான் முதல் தடவை. நாலாம் வகுப்பு கேதகிக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதல் நாள் எடுத்த காட்சி இது. புது மருமகள் காலையில் எழுந்து மாமியார் வீட்டு வாசலில் ரங்கோலி போடுகிறாள். பாவம், அது கோணல்மாணலாக வந்துவிடுகிறது. மாமியாராக நடிக்கும் வத்சலாபாய் வெளியே வந்து அதைப் பார்க்கும் காட்சியை மறுநாள் எடுப்பதாக இருந்தார்கள். மருமகளாக நடித்த ரசிகாவுக்கு மும்பையில் நாடகம் இருந்தது. அவள் தன் வேலை முடிந்ததும் கிளம்பிவிட்டாள்.

இந்தக் கதையெல்லாம் கேதகிக்குத் தெரியாது. வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு யார் கதை சொல்கிறார்கள்?

மறுநாள் விடிந்ததும் கேதகி வழக்கம்போல வாசலுக்கு வந்தாள். அந்த வீட்டில் தினமும் வாசல் தெளித்து ரங்கோலி போடுவது அவள்தான். யாரும் மிதிக்காமலிருக்க நாலு பக்கமும் செங்கல் வைத்து, நடுவில் அந்தக் கோணல் ரங்கோலி இருந்தது. புள்ளி ஒரு பக்கம் போனால் கோடு ஒரு பக்கம் போனது.

‘சீச்சீ, நம் வீட்டு வாசலில் இப்படியா? சினிமாவில் பார்த்தால் ஊரே சிரிக்குமே. பாவம், பட்டணத்து அக்கா, போடத் தெரியவில்லை’ என்று நினைத்தாள்.

செங்கல்லை நகர்த்தினாள். சாணம் கரைத்துத் தெளித்தாள். பதினைந்து புள்ளி வைத்து ஒரு தாமரை போட்டாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அத்தனை அழகு.

ஏழு மணிக்கு இயக்குநர் நிம்கர் வந்தார். தாமரையைப் பார்த்தார்.

“சாயலி, என்ன இது?”

சாயலி ஓடி வந்தாள். ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. இதுதான் அவளுக்கு முதல் படம்.

“தெரியலை சார். செங்கல் வச்சுட்டுத்தான் போனேன்.”

“வீட்டுக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா? வத்சலாபாய் மத்தியானம் நாசிக் கிளம்பறாங்க. பத்து மணிக்கு வாசல்ல வெயில் ஏறிடும். அதுக்குள்ள இது சரியாகலைன்னா நீயும் ஊருக்கு வண்டி ஏறிடு.”

சாயலியின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

கேதகி கதவுக்குப் பின்னால் அவல் போஹே சாப்பிட்டபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாதுதான். ஆனால் அந்த அக்கா அழுகிறாளே. தட்டை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

“சார், அக்கா மேல தப்பில்லை. நான்தான் அழிச்சேன். ரொம்ப அசிங்கமா இருந்துச்சு. அதான் நல்லதா போட்டுட்டேன்.”

வத்சலாபாய் நாற்காலியில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “குழந்தை உள்ளதைத்தானே சொல்லுது, நிம்கர்?”

“அசிங்கமா இருக்கணும்கறதுதாம்மா கதையே,” என்று தலையில் கை வைத்துக்கொண்டார் நிம்கர்.

நல்ல வேளையாகச் சாயலியின் போனில் பழைய ரங்கோலியின் படம் இருந்தது. அதைப் பார்த்து, அரங்கம் அமைக்கும் சுக்தேவ் அண்ணன் போட்டார். இரண்டு தடவை போட்டார்.

“வேணும்னே தப்பா போட்டது அப்படியே தெரியுதுப்பா,” என்றார் நிம்கர்.

“நான் போடறேன்,” என்றாள் கேதகி. ஆனால் மூன்று வருடம் பழகிய கை லேசில் கெட்டுப்போகுமா? கோடு தானாக நேராகப் போனது. கையை உதறி உதறிப் போட்டாலும் புள்ளி வரிசையாகவே விழுந்தது. மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. சாயலி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கேதகி போனை வாங்கி இன்னொரு தடவை உற்றுப் பார்த்தாள். கோடு சும்மா கோணவில்லை. கொஞ்ச தூரத்துக்கு ஒரு இடத்தில் மாவு குவியலாகக் கொட்டியிருந்தது. அங்கேதான் கோடும் துள்ளியிருந்தது. நேற்று ரசிகா போட்டபோது என்ன செய்தாள்? அடிக்கடி நிறுத்தினாள். எதையோ மேலே தள்ளிவிட்டாள்.

“அக்கா, அவங்க போட்டிருந்த பச்சை வளையல் எங்க?”

“துணிப் பெட்டியில இருக்கு. ஏன்?”

“கொண்டு வாங்களேன்.”

ஒரு டஜன் கண்ணாடி வளையலையும் வலது கையில் மாட்டிக்கொண்டு கேதகி குனிந்தாள். பெரியவர்கள் வளையல் அவளுக்கு நிற்குமா? கலகலவென்று விரல் வரைக்கும் வழிந்தது. இடது கையால் மேலே தள்ளினாள். கோடு துள்ளியது, மாவு கொட்டியது. மறுபடி போட்டாள், மறுபடி வழிந்தது. அவள் நன்றாகப் போடத்தான் பார்த்தாள். வளையல் விடவில்லை.

சாயலி போனையும் தரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். “சார், அப்படியே இருக்கு சார்.”

கேதகியின் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “நேரா போட வைக்க மூணு வருஷமாச்சு எனக்கு. கெடுக்க ஒரு டஜன் வளையல் போதும்போல,” என்றாள்.

வெயில் படியைத் தொடுவதற்குள் வத்சலாபாய் வெளியே வந்தார், ரங்கோலியைப் பார்த்தார், வந்த சிரிப்பை முந்தானையால் மறைத்துக்கொண்டார். காட்சி ஒரே தடவையில் முடிந்தது.

“சாயலி, அடுத்த காட்சிக்கு வாசல் விளக்கைப் படம் எடுத்து வச்சுக்கோ,” என்றார் நிம்கர். வண்டி ஏறச் சொன்னதை அவர் மறந்தே போய்விட்டார். யாரும் ஞாபகப்படுத்தவும் இல்லை.

மழைக்காலம் முடிந்ததும் படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குத் தெருவே சாத்தாரா தியேட்டருக்குக் கிளம்பிப் போனது. பெரிய திரையில் அந்த ரங்கோலி வந்ததுமே பின் வரிசையில் அடுத்த வீட்டு அத்தை சிந்து காகூவின் குரல் கேட்டது.

“ஐயே, கண்றாவி. நடிப்பு மாதிரியே இல்லை. இதைப் போட்டவளுக்கு நிஜமாவே போடத் தெரியலை பாரு.”

கேதகி திரும்பிப் பார்த்தாள். “நிஜமாவே தெரியாத மாதிரி இருக்கா, காகூ?”

“பின்ன? சத்தியமா.”

“அது நான் போட்டது,” என்றாள் கேதகி, வாயெல்லாம் பல்லாக.