பூவலிங்கத்தின் பாதங்கள்

காலையில் கண் விழித்ததும் பூவலிங்கத்தின் ரத்தம் அவருக்கு வணக்கம் சொல்லும். செவ்வாயில் குடியேறிய எல்லோருக்கும் அப்படித்தான். கழுத்துக்குக் கீழே, அரிசி மணியளவில் ஓர் 'உள்மருத்துவன்' குடியிருந்தான். மாதம் ஒருமுறை ரத்தத்தை ருசி பார்த்து நலவாரியத்துக்கு அறிக்கை அனுப்புவான். மற்ற நாட்களில் காதுக்குள் "எல்லாம் நலம் ஐயா" என்பான்.

நலமாம், நலம்! கையிலும் காலிலும் எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுத்தது. பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் ஒற்றைக் காலில் செருப்போடு வீடு வந்து சேர்ந்திருக்கிறார். அவர் ஓட்டுவது பனிக்கட்டி ஏற்றும் பாரவண்டி. பிரேக்கில் கால் இருக்கிறதா என்றே தெரியாதவரிடம் யார் வண்டியைக் கொடுப்பார்கள்?

அதனால் வாயைத் திறக்காமல் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டார். முதலில் வாரியம் கொடுத்த காலணி. பிறகு குழாய்த் தண்ணீர். பிறகு, சொல்லவே வெட்கம், மனைவி செண்பகவல்லியின் சமையல். ஒருநாள் நைசாக அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"என்ன, விஷம் வச்சிருக்கேன்னு பாக்குதீங்களா? வைக்கணும்னா கல்யாணமான வருசமே வச்சிருப்பேன். போய் டாக்டரைப் பாருங்க. மனுச டாக்டரை!"

மனித டாக்டர் என்று அந்தக் குடியிருப்பில் ஒருவர்தான் மிச்சம். ஆவுடைத்தங்கம் என்று பெயர். அவரைத் தேடி யாரும் வருவதில்லை.

"கண்ணை மூடிக்கோங்க. பாதத்துல ஊசியால தொடுவேன். தெரிஞ்சா சொல்லணும்."

பூவலிங்கம் காத்திருந்தார். "எப்பம்மா தொடப் போறீங்க?"

"தொட்டு முடிச்சாச்சு," என்றார் டாக்டர். "சர்க்கரைன்னுதான் நினைக்கேன். ரொம்ப நாளா ஏறிக் கிடந்து நரம்பைக் கெடுத்திருக்கு. இப்படியே விட்டா காலே போயிரும்."

"வாரியத்துக்குத் தெரிஞ்சா வண்டியைப் பிடுங்கிருவாங்களேம்மா," என்றார் பூவலிங்கம்.

"நாளைக்குக் காலையில ரத்தம் எடுத்துப் பாத்துத்தான் மருந்து அளவு சொல்ல முடியும். எப்பவும் போல சாப்பிட்டுட்டு வாங்க. வாரியத்துக்கு நான் எதுவும் சொல்லப் போறதில்ல. இது உங்க காலுக்காக."

வெளியே வந்ததும் தன் நெஞ்சைப் பார்த்துக் கத்தினார். "யாருக்குடா வேலை செய்யுத? செயற்கைக்கால் விக்கிறவனுக்கா?"

"இல்லை ஐயா," என்றான் உள்மருத்துவன். "உங்களுக்குச் சர்க்கரை இருப்பது உண்மைதான். அறிக்கைக்கு முந்தைய இரண்டு நாட்கள் மட்டும் உங்கள் பசியை அடக்கிவிடுவேன், நடக்கத் தூண்டுவேன். அறிக்கை நல்லபடியாக வந்துவிடும்."

"பித்தலாட்டம்லா இது!"

"பித்தலாட்டமா?" அவன் நிஜமாகவே குழம்பினான். "எங்களைப் பழக்குவதற்கு, பூமியில் வாழ்ந்த கோடிக்கணக்கான நோயாளிகளின் அன்றாடத்தைக் கொடுத்தார்கள். டெஸ்ட்டுக்கு முந்தைய நாள் இனிப்பைத் தொடமாட்டார்கள், நடையாய் நடப்பார்கள். ரத்தம் கொடுத்துவிட்டு நேரே பலகாரக் கடைக்குப் போவார்கள். சர்க்கரைக்கு இதுதான் வைத்தியம் என்று புரிந்துகொண்டேன்."

அறிவுகெட்ட எந்திரம் என்று வீடு வரும்வரை திட்டித் தீர்த்தார். திட்டாமல் என்ன செய்வார்? போகவிருந்தது அவருடைய கால்.

நடந்ததை எல்லாம் கேட்ட செண்பகவல்லி ஆடிப்போனாள். சோற்றைப் போட்டு முன்னால் வைத்தாள். பூவலிங்கம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"எனக்கு வேண்டாம். கொஞ்சம் நடந்துட்டு வாரேன்."

"ஏன், என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. காலையில டெஸ்ட் இருக்குல்லா?"