ஐந்தாவது கோடு

நான்கு கோடுகள் இருக்க வேண்டிய படத்தில் ஐந்து கோடுகள் இருந்தன.

ஷாஜின் முதலில் அதை மதிக்கவில்லை. எதையும் அவ்வளவு சீக்கிரம் மதித்துவிடுகிற ஆள் இல்லை அவன். பைத்தான் கம்ப்யூட்டர் மொழியில் கோடு வரைகிற லைப்ரரியோடு ஐந்து வருடப் பழக்கம். எண்களைப் பட்டியலாகக் கொடுத்தால் அது புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்துக் கோடாக இழுத்துத் தரும். நான்கு பட்டியல் கொடுத்தால் நான்கு கோடு. தண்ணீர் மட்டத்துக்கு நீலம், அமிலத்துக்குப் பச்சை, வெப்பத்துக்கு ஆரஞ்சு, வாயுவுக்குச் சிவப்பு. இன்று அந்த நான்குக்கும் அடியில், சாம்பல் நிறத்தில் மெல்லியதாக இன்னொன்று கிடந்தது. திரையில் முடி ஒட்டியிருக்கிறது என்று நினைத்து விரலால் துடைத்தான். போகவில்லை.

பழைய படத்தை மூடாமல் அதன் மேலேயே வரைந்தால் இப்படிக் கோடுகள் மிச்சம் நிற்கும். கத்துக்குட்டிகள் செய்கிற தப்பு. சென்னையில் வேலை பார்த்த காலத்தில், இந்தத் தப்பைச் செய்கிறவர்களின் திரையைப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பிச் சிரித்தவன் அவன். இப்போது தானே செய்துவிட்டோமோ என்று எரிச்சலோடு எல்லாவற்றையும் மூடினான். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டான். திரும்பப் போட்டு ப்ரோக்ராமை மறுபடி ஓட்டினான்.

ஐந்து.

ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி. ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றங்கரையை ஒட்டி, தோல் பதனிடுகிற ஷாப்புகளின் கழிவுநீர் வந்து சேருகிற சுத்திகரிப்பு நிலையம் அது. வாரநாட்களில் காது அடைக்கிற மோட்டார்கள் இன்று நின்றிருந்தன. வெயிலில் தகரக் கூரை நெளிகிற சத்தமும், ஏசி நனைந்த நாய் மாதிரி உறுமுகிற சத்தமும், அதற்கும் கீழே, தரைக்கு அடியில் எங்கோ கெட்டியான தண்ணீர் ஒரு குமிழியை மெதுவாக ஊதி உடைக்கிற சத்தமும் அவனுக்குத் தனித்தனியாகக் கேட்டன. அவனுடைய அறையைக் கழிவுநீர்த் தொட்டியின் கான்கிரீட் மூடி மேலேயே கட்டியிருந்தார்கள். எந்த அறிவாளி போட்ட பிளானோ! சென்சார் ஒயர்கள் தரையில் ஒரு ஓட்டை வழியாக மேலே வந்தன. அந்த ஓட்டையை ஒரு பழைய பனியன் துணியால் அடைத்திருந்தார்கள். அது வழியாக அழுகிய முட்டை வாடை இருபத்திநாலு மணி நேரமும் கசிந்துகொண்டிருக்கும். வேலூரில் அவன் அம்மா லில்லி, ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் எல்லா வாடையையும் பார்த்த நர்ஸ், அவன் சட்டையை மட்டும் தனி பக்கெட்டில் ஊற வைப்பாள்.

அவனுக்கு இந்த நிலையத்தில் எவனையும் பிடிக்காது. டீ கொண்டு வருகிறவனிலிருந்து மேனேஜர் வரைக்கும் எல்லோரும் மண்டையில் களிமண் உள்ளவர்கள். அப்படிச் சொல்லிக்கொள்வதில் தப்பில்லை; ஆனால் சென்னை வேலையிலிருந்து அவனை ஏன் வீட்டுக்கு அனுப்பினார்கள் என்பதை மட்டும் அவன் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

இன்றைய வேலை ஒரே ஒரு படம். மார்ச் பதினான்காம் தேதி, பெருமாள் என்கிற தொழிலாளி தொட்டிக்குள் அடைப்பு எடுக்க இறங்கிச் செத்துப்போனான். நாளை காலை விசாரணைக்கு அதிகாரிகள் வருகிறார்கள். அன்றைக்கு வாயு எவ்வளவு இருந்தது என்று கேட்பார்கள். சிவப்புக் கோடு தட்டையாக இருந்தால், குடித்துவிட்டு இறங்கினான், மயங்கி விழுந்தான், கதை முடிந்தது. கோடு தட்டையாகத்தான் இருந்தது. ஏன் தட்டையாக இருந்தது என்று தெரிந்த ஒரே ஆள் ஷாஜின்.

இன்டர்காம் அடித்தது. பம்பு அறையிலிருந்து காசிநாதன், சூப்பர்வைசர்.

"தம்பி, நாளைக்கு ஆபீசருங்க வர்றாங்கல்ல. பம்புல மயிரும் சவ்வும் சிக்கிட்டு சுத்த மாட்டேங்குது. பாஷாவ கயிறு கட்டி இறக்கலாம்னு பாக்குறேன். உள்ள காஸ் இன்னா காட்டுது?"

"அங்கயே ஸ்கிரீன் இருக்குல்லண்ணா."

"ஸ்கிரீனு பதினெட்டுன்னு காட்டுது. எதுக்கும் உங்க வாயால ஒரு வாட்டி கேட்டுக்கலாம்னு."

"கம்மியா தான் இருக்கு. அனுப்புங்க."

வைத்துவிட்டான். பதினெட்டு என்று கண்ணெதிரே காட்டினாலும் நம்பத் தெரியாத ஜனங்கள்!

சாம்பல் கோடு சற்று நீண்டிருந்தது.

ப்ரோக்ராமிடம், படத்தில் இருக்கிற கோடுகளின் பெயர்களைச் சொல்லச் சொன்னான். மட்டம், அமிலம், வெப்பம், வாயு. ஐந்தாவது இடத்தில், பெயர் வைக்காத கோடுகளுக்கு லைப்ரரி தானாகப் போட்டுக்கொள்கிற வெறும் எண். எண்கள் இருக்கிற கோப்பைத் திறந்து பார்த்தான். நான்கு பத்திதான், கோட்டுக்கு ஒன்றாக. ஐந்தாவதாக ஒன்று எங்கேயும் இல்லை.

சாம்பல் கோடு தொடங்குகிற இடத்தைப் பெரிதாக்கினான். காலை பதினொன்று நாற்பத்திரண்டு. தட்டையாகத் தெரிந்த கோடு கிட்டப்போனால் தட்டையாக இல்லை. ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. ரம்பத்தின் பல் மாதிரி நெருக்கமாக, ஆனால் ரம்பம் போல ஒரே சீராக இல்லாமல். அவனுடைய சென்சார்கள் நிமிடத்துக்கு ஒரு எண்தான் அனுப்பும். ஒரே நிமிடத்துக்குள் இத்தனை மேடு பள்ளம் வரைய யாரிடமும் எண்கள் கிடையாது. எண்ணிப் பார்த்தான். முப்பத்தி நான்கு.

அடுத்த நிமிடத்தில் நாற்பது. அதற்கடுத்ததில் இருபத்திரண்டு.

அம்மாவின் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அவனுக்குக் காய்ச்சல் வந்தால் நெஞ்சைப் பார்த்தபடி வாட்சைப் பிடித்து உட்காருவாள். "மூச்ச முழு நிமிஷமும் எண்ணணும்டா. அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்குறவ நர்ஸே இல்ல."

ஒன்பது. நான்கு. ஒன்று.

பதினொன்று நாற்பத்தேழுக்குப் பிறகு கோடு நேராகப் போனது. பெருமாளை மேலே தூக்கியது பன்னிரண்டேகாலுக்கு.

ஷாஜினின் பிடரி குளிர்ந்தது. ஏசி காற்று என்று சொல்லிக்கொண்டான். ஏசியின் காற்று அவன் முகத்துக்கு நேரே வந்துகொண்டிருந்தது.

அவன் செய்தது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு வரி. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் வாயு சென்சார் திடீர் திடீரென்று நானூறு, ஐந்நூறு என்று எகிறும். சைரன் அலறும். எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே ஓடி நிற்பார்கள். மேனேஜருக்குப் பேஜார். ஒருநாள் நானூற்றி இருபது என்று காட்டியபோது ஷாஜின் நேரே போய்த் தொட்டியின் வாயில் குனிந்து நின்று மோந்து பார்த்தான். குனிந்ததும் வாடை லேசாக அடித்தது. அரை நிமிடத்தில் அதுவும் இல்லை. சுத்தமாக எந்த வாடையும் இல்லை. சென்சார் கெட்டுப்போச்சு என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, தலைவலியோடு திரும்பி வந்து அந்த வரியை எழுதினான்: ஐம்பதுக்கு மேல் வருகிற எண்ணைத் தூக்கிப் போடு, முன்னாலும் பின்னாலும் உள்ள புள்ளிகளை நேர்கோட்டில் சேர். பம்பு அறைத் திரைக்கும் சைரனுக்கும் போவது இப்படிச் சுத்தம் செய்த எண்தான். அதற்குப் பிறகு சைரன் அலறியதே இல்லை. மேனேஜர் எல்லோர் முன்னாலும் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அன்று தொட்டி ஓரத்தில் பெருமாள் நின்றிருந்தான். தலையில் துண்டு, கையில் கழி.

"சார், வாடை அடிக்கிற வரைக்கும் பயமில்ல. நின்னுட்டா தான் ஓடணும். அது மூக்க முதல்ல சாவடிக்கும், அப்பால ஆள."

ஷாஜின் சிரித்தான். அன்றிரவு வீட்டில் சாப்பிடும்போது அதை நடித்தும் காட்டினான். லில்லி மட்டும் சிரிக்கவில்லை.

திரை கண் சிமிட்டியது. படத்தின் கீழே இருக்கிற நேரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நகர்ந்தன. வரைய வேண்டிய கோடு நீளமானால் இந்த லைப்ரரி அடியில் உள்ள நேர அச்சைத் தானே நீட்டிக்கொள்ளும். மார்ச் பதினான்கோடு முடிய வேண்டிய அச்சு மார்ச் இருபதுக்குப் போனது. மார்ச் முப்பது. ஏப்ரல். பெருமாளின் கோடு, செத்த கோடு, தட்டையாக வாரக்கணக்கைக் கடந்து வந்துகொண்டே இருந்தது. இன்றைய தேதியில், மதியம் இரண்டு முப்பத்தொன்றில் நின்றது. சுவர்க் கடிகாரத்திலும் இரண்டு முப்பத்தொன்று.

அங்கே ஆறாவது கோடு பிறந்தது.

பிறந்ததும் துடித்தது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி. விநாடிக்கு விநாடி வளர்ந்தது. வேலை செய்கிற ஆளின் மூச்சு. குனிந்து, நிமிர்ந்து, எதையோ பிடித்து இழுக்கிற ஆளின் மூச்சு.

சர்தார் பாஷா தொட்டிக்குள் இறங்கிவிட்டான்.

இன்டர்காம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்து, மேல தூக்குங்க என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். ஷாஜின் கையை நீட்டினான். ஏன் என்று கேட்பார்களே? படத்தில் ஒரு கோடு மூச்சு விடுகிறது என்று சொல்வதா? காசிநாதன் தேநீர்க் கடையில் அதைச் சொல்லிச் சிரிப்பான். சைரனுக்குப் பயந்து ஓடுகிற கூட்டம் அவனைப் பார்த்துச் சிரிக்கும். அதைவிடக் கேவலம், சிரிக்காமல் யோசிப்பார்கள். பதினெட்டு என்று காட்டும்போது இவன் ஏன் தூக்கச் சொன்னான் என்று நாளை அதிகாரிகளும் யோசிப்பார்கள். இன்னும் ஒரு நிமிடம் பார்த்து உறுதி செய்துகொண்டு சொல்லலாம். முழு நிமிடம்.

ஒரு மனிதனின் ஒரு நிமிடத்தை அவன் உட்கார்ந்து எண்ணினான்.

முப்பத்தெட்டு.

அடுத்தது பத்தொன்பது.

ரிசீவரைப் பிடுங்கி எடுத்தான். மணி போனது. பம்பு அறையில் யாரும் எடுக்கவில்லை. இன்னொரு கை, கேட்காமலேயே, ஐம்பதுக்கு மேல் என்று தொடங்குகிற அந்த வரியை அழித்துவிட்டுத் திரும்ப ஓட்டியது.

சிவப்புக் கோடு நெட்டுக்குத்தாக எழுந்தது. நூறு. முந்நூறு. அறுநூறு. மற்ற கோடுகள் அடியில் நசுங்கின. இரண்டு மாதம் கழித்துச் சைரன் அலறியது. வெளியே ஓடுகிற கால் சத்தத்துக்காகக் காத்திருந்தான். ஒரு காலும் ஓடவில்லை.

ஏழாவது கோடு.

திடீரென்று. வேகமாக. பதறிப்போன மூச்சு. கயிற்றை இழுத்துப் பார்த்து, ஆள் அசையாததைக் கண்டு, யோசிக்காமல் குதித்தவனின் மூச்சு.

ஷாஜின் செல்போனை எடுத்துக் காசிநாதன் எண்ணை அழுத்தினான். சைரன் ஓய்ந்து ஓய்ந்து அலறியது. அந்த இடைவெளியில் ரிங்டோன் கேட்டது. காதில் இல்லை. காலடியில். பனியன் துணி அடைத்த ஓட்டைக்குள்ளிருந்து. நாதஸ்வரம். காசிநாதன் மகள் கல்யாணத்தில் வாசித்தது, பெருமையாக வைத்துக்கொண்டது. கான்கிரீட்டுக்குக் கீழே அது பாடிக்கொண்டே இருந்தது.

ஆறாவது கோடு நேரானது.

ஏழாவது, நான்கு. இரண்டு.

"அண்ணா," என்றான் ஷாஜின், ஓட்டைக்கு மேல் மண்டியிட்டுக் குனிந்து. "காசிநாதண்ணா. மேல வந்துடுங்க. ஸ்கிரீன் பொய்யிண்ணா. நான் தான். நான் தான் நம்பர எடுத்துட்டேன்."

முதல்முறையாக அவன் குரலில் ஏளனம் இல்லை. கேட்க ஆள் இல்லை.

நாதஸ்வரம் நின்றது. ஏழாவது கோடு நேரானது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஓட்டைக்கு மேலேயே முகத்தை வைத்திருக்கிறான். பனியன் துணி விலகிக் கிடக்கிறது. எப்போது விலகியது என்று தெரியவில்லை.

மூக்கை இழுத்தான்.

எந்த வாடையும் இல்லை.

மறுபடி இழுத்தான். டீ இல்லை. வியர்வை இல்லை. முட்டை இல்லை. சுத்தம்.

எழுந்து ஓட நினைத்தான். நினைப்பு எழுந்தது. கால் எழவில்லை. கதவு எட்டடி. நாற்காலியின் கையைப் பிடித்துத் திரைக்கு முன்னால் சரிந்து உட்காரத்தான் முடிந்தது.

திரையில் எட்டாவது கோடு.

ஏறியது. அவன் நெஞ்சு ஏறியது. இறங்கியது. அவன் நெஞ்சு இறங்கியது.

மூச்சைப் பிடித்துப் பார்த்தான். கோடு நின்றது. நேராக.

எண்ணினான். ஐந்து. பத்து. பதினைந்து.

தாங்க முடியாமல் மூச்சை விட்டான். வாயைப் பிளந்து இழுத்தான். நெஞ்சு உயர்ந்தது, தாழ்ந்தது, உயர்ந்தது. கை வைத்துப் பார்த்தான். உயர்ந்தது, தாழ்ந்தது.

கோடு எழவில்லை. நேராகவே போய்க்கொண்டிருந்தது. அதற்கு இடம் கொடுத்துக்கொண்டு, கீழே அச்சு மெதுவாக நாளைய தேதிக்கு நீண்டது.