நிலைப்புள்ளி எண் ஒன்று

அன்று தகடு தேய்க்கும் முறை செழியனுடையது. ஐந்தரைக்கு எழுந்து பல் துலக்கினான். மொட்டை மாடிக்குப் போய், மூன்று பித்தளைப் பலகைகளை மூலையாகச் சேர்த்துச் செய்த திருஷ்டித் தகட்டைப் புளி போட்டுத் தேய்த்தான். ஆறு பத்துக்கு ரேடார் விமானம் தலைக்கு மேல் போனது. கீழே வந்து காபி குடித்தான்.

2071இல் விமானம் தினமும் வரும். மேகம், புகை, இருட்டு எதுவும் அதற்குத் தடையில்லை. அலையை அனுப்பி, திரும்பி வருவதைக் கொண்டு நிலத்தைப் படமாக்கும். தரை ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஏரிகளைக் காக்கத்தான் அதைத் தொடங்கினார்கள். செழியனின் பன்னிரண்டு மாடிக் குடியிருப்போ ஏரிக்குள்ளேயே இருந்தது. மேலிருந்து பார்க்கும் கண் படாமலிருக்க, சங்கம் கூடி ஆள் உயரத்துக்கு அந்தத் தகட்டை வாங்கி மாட்டியது.

மூலைத் தகடு அலையை வந்த வழியே திருப்பி அனுப்பும். படத்தில் அந்தக் கட்டடம் மட்டும் விளக்கேற்றியதுபோல் எரிந்தது. செழியன் வேலை பார்த்த நிலப்பட அலுவலகம் மகிழ்ந்துபோனது. நேரில் போய்ப் பார்க்காமலே அதை 'நிலைப்புள்ளி எண் ஒன்று' என்று அறிவித்து, ஊரின் உயரம் முழுவதையும் அதிலிருந்தே அளந்தது. நிலைப்புள்ளியை யாரும் இடிக்கக் கூடாதென்று ஆணையும் வந்தது. தகடு பலித்துவிட்டதென்று குடியிருந்தவர்கள் தேங்காய் உடைத்தார்கள்.

அன்று பதினொரு மணிக்கு வந்த படத்தில், ஒரே மாதத்தில் ஊர் நாற்பது மில்லிமீட்டர் உயர்ந்திருந்தது. அமைச்சரிடமிருந்து லட்டு வந்தது. செழியன் லட்டைக் கையில் வைத்துக்கொண்டே கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தான். ஊர் அசையவில்லை. அவன் வீடுதான் இறங்கிக்கொண்டிருந்தது. அதிலும் பாதி, கடைசி மூன்று நாளில்.

மேலதிகாரி பரமேஸ்வரன் பொறுமையாகக் கேட்டார்.

"ஊர் உயருதுன்னு மந்திரி பேட்டியே குடுத்துட்டாருப்பா. இப்பப் போய் வீடு இறங்குதுன்னா எப்படி?"

ரேடார் படம் பாதுகாப்பு ரகசியம், வெளியே சொன்னால் ஏழு வருடம் சிறை என்றும் நினைவூட்டினார். எழுதிக் கொடுத்தால் திங்கட்கிழமை மேலே அனுப்புவதாகச் சொன்னார்.

செழியன் வராந்தாவுக்கு வந்து மனைவி இசைவாணியை அழைத்தான். எல்லா அழைப்புகளும் பதிவாகும் காலம். காரணம் சொல்லாமல், யாரிடமும் பேசாதே, உடனே தெருவுக்கு இறங்கி வா என்றான். வீட்டுக்கு ஆபத்தா என்று கேட்டாள். ஆமாம் என்றான்.

பதினொன்று ஐம்பதுக்குக் கட்டடம் ஏரிக்குள் உட்கார்ந்தது. மறுநாள் படத்தில் ஊர் ஒரேயடியாக இருபது மீட்டர் உயர்ந்திருந்தது.

இசைவாணி அரசு ரகசியத்தை மேல்மாடிக்குக் கசியவிட முயன்றாள் என்கிறது விசாரணை அறிக்கை. சதி என்ற சொல் அதில் ஆறு இடத்தில் வருகிறது. பதிவில் அவள் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான்:

"சொல்லாம கொள்ளாம எப்படிங்க வர்றது? மேல்வீட்டு அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்."